கறுப்பு ரியூப்பை மூடி வையுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: ஓவியம்

நகரத்து வெளிச்சத்தையும் இருட்டையும் கனவையும் குறியீடாக வைத்து வரையப்படும் ஓவியங்கள் பற்றிக் கடந்த இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வன்னியிலிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ‘அந்தப் படத்துக்கு என்ன அர்த்தம்’ என்று கேட்கவில்லை. ‘அதை எப்படிப் பூசுவது’ என்றே கேட்டன. எங்களுக்கும் அந்தக் கேள்விகள்தான் பிடித்திருந்தன.

இரவில் ஏ9 வீதியை அக்ரிலிக்கில் வரைந்தேன். வானத்துக்கு நல்ல கறுப்பாகப் பார்த்துத்தான் பூசினேன். காய்ந்தபின் சோற்றுப் பானையின் அடிக்கரி மாதிரி இருக்கிறது. ஆழமே இல்லை. என்ன பிழை?
— வாசகர், கிளிநொச்சி

கறுப்பில் பிழையில்லை. அதைத் தனியே நிற்க விட்டதுதான் பிழை. ரியூப்பில் வரும் கறுப்பு கரியிலிருந்தோ இரும்பு ஒக்சைட்டிலிருந்தோ செய்யப்படுவது. விழுகிற நிறத்தையெல்லாம் அது விழுங்கிவிடும். இரவு வானம் அப்படியில்லை. ஊருக்கு மேலே தூசியில் பட்ட வெளிச்சம் மண்ணிறமாகப் பரவியிருக்கும். உச்சிக்குப் போகப்போக நீலம் கூடும். வயல்பக்கம் திரும்பினால் பச்சை கலந்த இருட்டு. ஒரே வானத்தில் மூன்று இருட்டு இருக்கிறது. நீங்கள் ஒன்றைத்தான் பூசியிருக்கிறீர்கள்.

கறுப்பு ரியூப்பை மூடி வைத்துவிட்டு இப்படிக் கலந்து பாருங்கள். அல்ட்ராமரின் நீலம் மூன்று பங்கு, பேர்ண்ட் அம்பர் இரண்டு பங்கு: இது உங்கள் அடிப்படை இருட்டு. நீலம் கூடினால் குளிர்ந்த இருட்டு, அம்பர் கூடினால் வீட்டுக்குள் இருக்கும் சூடான இருட்டு. இன்னும் கனமான கறுப்பு வேண்டுமானால் தேலோ பச்சை ஒரு பங்குக்கு குவினாக்ரிடோன் சிவப்பு மூன்று பங்கு. தேலோ வலுவான நிறம், மிளகாய்த்தூள் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி வலு மாறும் என்பதால் இந்தப் பங்குகளைத் தொடக்கமாக மட்டும் எடுங்கள். கலந்ததன் சாய்வு தெரிய, ஓரத்தில் ஒரு பொட்டு எடுத்து வெள்ளையுடன் குழையுங்கள். கறுப்பாகத் தெரிந்தது நீலமா ஊதாவா பச்சையா என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அக்ரிலிக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. ஈரமாக இருக்கும்போது பிசின் பால்நிறமாக இருக்கும், காய்ந்தால் கண்ணாடியாகிவிடும். அதனால் எல்லா நிறமும் காய்ந்தபின் ஒரு படி இருளும். ஈரத்தில் ‘சரியான இருட்டு’ என்று தோன்றியது காய்ந்ததும் குழியாகிவிடுவது இதனால்தான். ஒரு மட்டைத் துண்டில் தடவிக் காயவைத்துப் பார்த்துவிட்டுப் படத்தில் வையுங்கள்.

வின்சென்ற் வான்கோ 1888 செப்டெம்பரில் ஆர்ல் நகரத்துக் கஃபே ஒன்றை இரவில் வரைந்தார். கறுப்பே இல்லாத இரவுப் படம் என்று தங்கைக்கு எழுதிய கடிதத்தில் அதைப் பற்றிப் பெருமைப்பட்டிருக்கிறார். நீலம், ஊதா, பச்சை என்று அவர் அடுக்கியதை நல்ல அச்சுப்பிரதியில் தேடிப் பாருங்கள். வானத்தை விடக் கடைகளின் நிழலைக் கவனியுங்கள்.

லைற் கம்பத்தைச் சுற்றி வெள்ளையும் மஞ்சளும் தடிப்பாகவே வைத்தேன். ஆனாலும் அது எரியவில்லை. எலுமிச்சம்பழம் தொங்குகிற மாதிரி இருக்கிறது.
— வாசகி, முல்லைத்தீவு

நல்ல உவமை. பிழையும் அதற்குள்ளேயே இருக்கிறது: பழத்துக்கு விளிம்பு உண்டு, வெளிச்சத்துக்கு இல்லை.

முதலில் கணக்கு. மிகச் சிறந்த வெள்ளைப் பெயின்றும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் 90 வீதமளவைத்தான் திருப்பித் தரும். கறுப்பு மூன்று முதல் ஐந்து வீதம். அதாவது உங்கள் தட்டில் இருப்பது ஏறத்தாழ இருபது, முப்பது மடங்கு வித்தியாசம்தான். நிஜத்தில் லைற்றுக்கும் அதன் கீழுள்ள கானுக்கும் இடையில் ஆயிரக்கணக்கான மடங்கு. வெள்ளையை எவ்வளவு தடிப்பாக வைத்தாலும் அந்த வித்தியாசம் வராது. செய்யக்கூடியது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றையும் கீழே இறக்க வேண்டும். படத்தின் பத்தில் ஏழு பங்கு இருட்டிலும் இரண்டு பங்கு நடுத்தரத்திலும் இருக்கட்டும். தூய வெளிச்சம் இருபதில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. தொடங்குமுன் நான்குக்கு ஆறு அங்குலக் கடதாசியில் வெறும் சாம்பல் நிறங்களால் சின்ன மாதிரி ஒன்று போடுங்கள். அதில் எரியாத லைற் பெரிய படத்தில் நிறம் பூசியும் எரியாது.

இனி லைற்றைச் சுற்றிய ஒளிவட்டம். 18க்கு 24 அங்குலப் படம் என்று வைத்துக்கொள்வோம். லைற் வரும் இடத்தில் ஒரு ரூபாய்க் குற்றியளவு டைட்டானியம் வெள்ளை வையுங்கள். கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் அதன் ஓரத்தை வெளிப்பக்கமாகத் தேய்த்துக் கரையுங்கள். நன்றாகக் காயட்டும். மீதி முழுவதும் கிளேஸ், அதாவது அடியில் இருப்பது தெரியும்படி பூசும் மெல்லிய பூச்சு. ஒரு பங்கு நிறத்துக்கு எட்டு முதல் பத்துப் பங்கு கிளேசிங் மீடியம். முதலில் மஞ்சள், வெள்ளையின் இரண்டு மடங்கு அகலத்துக்கு. காய்ந்தபின் செம்மஞ்சள், மூன்று மடங்குக்கு. அதன்பின் பேர்ண்ட் சியன்னா, ஐந்து மடங்குக்கு. கடைசியாக நீல இருட்டை வெளியிலிருந்து உள்ளே கொண்டுவந்து சியன்னாவின் மேல் கொஞ்சம் ஏற்றி நிறுத்துங்கள். எல்லாம் முடிந்தபின் நடுவில் ஒரேயொரு சுத்த வெள்ளைப் பொட்டு, ஒளிவட்டத்தின் அகலத்தில் பத்தில் ஒன்றுக்குக் குறைவாக.

பிழைக்கும் இடங்கள் சொல்கிறோம். மஞ்சள் கிளேஸ் நேரே நீலத்தைத் தொட்டால் பச்சை வளையம் வரும். அதைத் தடுக்கத்தான் நடுவில் சியன்னா. ஒளிவட்டத்துக்குள் வெள்ளையைக் கலந்தால் சுண்ணாம்பு பூசியதுபோல ஆகும், புகை மூட்டம்தான் மிஞ்சும். தண்ணீரை மட்டும் ஊற்றிக் கரைத்தால் பூச்சு பரவாமல் துளிதுளியாகச் சுருங்கும். வளையத்தின் ஓரம் கத்தியால் வெட்டினதுபோல நின்றால் உங்கள் தூரிகை ஈரம் அதிகம், அல்லது பூச்சு கைக்கு முன் காய்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் நடுப்பகலில் அக்ரிலிக் கிளேஸ் போடுவது வீண் சண்டை. விடியலில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போடுங்கள். காய்வதைத் தாமதிக்கும் ரிட்டார்டர் சேர்க்கலாம், பத்து வீதம் போதும். அளவு மீறினால் நாட்கணக்கில் பிசுபிசுக்கும், அதன்மேல் செம்மண் தூசி வந்து குடியிருக்கும்.

எந்த லைற் என்பதையும் முடிவு செய்யுங்கள். மேலே சொன்ன வரிசை பழைய சோடியம் லைற்றுக்கானது. அதன் வெளிச்சம் 2000 கெல்வின் அளவில் இருக்கும் (கெல்வின் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு: குறைந்தால் செம்மஞ்சள், கூடினால் நீலம்). அதன் கீழே நீலச் சட்டை கறுப்பாகும், சிவப்பு மண்ணிறமாகும், எல்லாமே ஒரே செம்மஞ்சள் குடும்பம். இப்போது வீதிகளுக்கு வரும் எல்.ஈ.டி 4000 கெல்வினுக்கும் மேலே இருப்பதுண்டு. அதற்கு வெள்ளை, பிறகு தேலோ நீலத்தின் வாசம் மட்டும் பட்ட வெள்ளை, பிறகு ஊதா. ஒளிவட்டம் சிறிது, நிழலின் ஓரம் கூர்மை, பொருள்களின் நிறம் பெருமளவு அப்படியே தெரியும். அதைச் சுற்றியுள்ள இருட்டில் அம்பரைக் கூட்டினால்தான் அந்தக் குளிர் தெரியும். இரண்டு வகை லைற்றும் உள்ள வீதியை வரைய வாய்த்தால் விடாதீர்கள். பழைய ஊரும் புதிய ஊரும் ஒரே படத்தில் கிடைக்கும், எழுத்து ஒன்றும் எழுதத் தேவையில்லை.

இத்தாலிய ஓவியர் ஜாகமோ பாலா, 1909 எனத் திகதியிட்ட ஒரு படத்தில் மின்விளக்கைப் பெரிதாகவும் பிறைநிலவைச் சின்னதாகவும் வைத்தார். விளக்கைச் சுற்றி அம்புமுனை போன்ற சிறு கோடுகள், உள்ளே வெள்ளையும் மஞ்சளும், வெளியே போகப்போகச் சிவப்பும் ஊதாவும் நீலமும். கிளேஸ் பழகாதவர்கள் அப்படிக் கோடுகளாலும் ஒளிவட்டம் கட்டலாம். நிலவைச் சின்னதாக்கியதில்தான் அந்தப் படத்தின் கருத்தே இருக்கிறது.

ஃபோனில் தேடிப் பார்த்தால் ஒளிர்கிற பெயின்ற், இருட்டில் ஒளிரும் பவுடர் எல்லாம் விற்பனைக்கு வருகின்றன. லைற்றுக்கு அதைப் பூசினால் என்ன?
— வாசகர், விசுவமடு

இரண்டும் வேறு பொருள்கள். புளோரசென்ற் நிறங்கள் வெளிச்சமோ ஊதா கடந்த கதிரோ படும்போது மட்டும் பளிச்சிடும், வெயிலில் சீக்கிரம் வெளிறும். இருட்டில் ஒளிரும் பவுடர் பெரும்பாலும் ஸ்ட்ரொன்சியம் அலுமினேற். முதலில் வெளிச்சத்தைக் குடிக்க வேண்டும், பிறகு பச்சையாக ஒளிர்ந்து படிப்படியாக மங்கும். பூச்சு இல்லாத பவுடர் தண்ணீரில் பழுதாகும், எனவே தண்ணீர் சார்ந்த மீடியத்துக்கு மேற்பூச்சுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கடவுள் படத்துக்கும் பிள்ளைகளின் அறைக்கும் சரி. வீதி லைற்றுக்குப் பூசினால், பகலில் ஒரு படமும் இரவில் அந்தரத்தில் மிதக்கும் பச்சைப் புள்ளிகளும் கிடைக்கும். தங்க நிறம் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பித்தளைத் தூளில் செய்தது காலப்போக்கில் கறுக்கும், மைக்காவில் செய்தது கறுக்காது.

இரவு பஸ்ஸில் போய் இறங்கிய கொழும்பை வரைய ஆசை. தாமரைக் கோபுரமும் பேர வாவியில் அதன் நிறங்களும். தண்ணீரில் விழும் வெளிச்சம் மட்டும் சரிவரவில்லை.
— வாசகர், மாங்குளம்

தண்ணீரில் விழும் வெளிச்சம் எப்போதும் படத்தில் நிமிர்ந்து, பார்க்கிறவரை நோக்கி வரும். புதிதாக வரைகிறவர்கள் லைற்றுகளை ஒரு மையத்திலிருந்து விசிறி மாதிரிச் சாய்த்துவிடுகிறார்கள். அளவுகோலை நிமிர்த்தி வைத்து ஒவ்வொரு லைற்றுக்கும் நேர் கீழே மெல்லிய பென்சில் கோடு போட்டுவிட்டால் அந்தப் பிழை வராது.

தண்ணீர் அசையாமல் இருந்தால் பிம்பம் லைற்றின் அளவுதான். சிற்றலை இருந்தால் நீண்ட கோடாகும். கோடு முழுதாக ஓடாது. தூரத்தில் நெருக்கமான சிறு வெட்டுகள், கிட்டே வர அகன்ற, இடைவெளி விட்ட வெட்டுகள். தூரிகையைக் கிடையாக வைத்து இழுங்கள், மேலிருந்து கீழே இழுத்தால் மெழுகு வடிந்ததுபோல இருக்கும். தொனியில் ஒரு விதி: வெளிச்சமான பொருளின் பிம்பம் அதைவிடக் கொஞ்சம் இருண்டிருக்கும், இருண்ட பொருளின் பிம்பம் கொஞ்சம் வெளிறியிருக்கும். கோபுரத்தில் உச்ச வெள்ளை வைத்தால் வாவியில் அதே வெள்ளையை வைக்காதீர்கள்.

நிற லைற்றுகளில் பலரும் வழுக்குவது இன்னோரிடம். இளஞ்சிவப்பு எல்.ஈ.டியை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூசினால் அது சாயம் பூசிய சுவர். கண் கூசும் அளவு வெளிச்சமான இடம் எந்த நிறமானாலும் நடுவில் வெள்ளைக்குக் கிட்டே போய்விடும், நிறம் ஓரத்தில்தான் தங்கும். நடுவை வெளிறவிட்டு ஓரத்தில் குவினாக்ரிடோன் மெஜந்தாவைத் தூயதாக வையுங்கள். மழைக்குப் பிந்திய தார் வீதிக்கும் இதே விதிகள்தான். மாரியில் கிளிநொச்சிக் கடைத்தெருவில் நின்று பழகிவிட்டுக் கொழும்புக்குப் போகலாம்.

சாதாரண தரச் சித்திரப் பாடத்துக்கு இரவுக் காட்சி வரைந்தால் போஸ்டர் கலர் எல்லாம் கலங்கிச் சேறாகிறது. நேரமும் போதவில்லை.
— மாணவி, வவுனியா

தங்கச்சி, போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும். மேலே சொன்ன கிளேஸ் எல்லாம் உங்களுக்குச் சரிவராது, அடிநிறம் கிளம்பி வந்துவிடும். உங்களுக்கு வேண்டியது ஒரு வெள்ளை மெழுகுதிரி.

பென்சிலால் வரைந்தபின், வெளிச்சம் வரும் இடங்களுக்கு முதலில் மஞ்சளை நீர்த்துப் பூசிக் காயவிடுங்கள். அதன்மேல் மெழுகுதிரியை அழுத்தித் தேய்யுங்கள். லைற், யன்னல், தண்ணீரில் பிம்பம், எல்லாவற்றிலும். பிறகு நீலமும் மண்ணிறமும் கலந்த இருட்டைப் பெரிய தூரிகையால் ஒரே ஓட்டமாக இழுங்கள். மெழுகு உள்ள இடத்தில் நிறம் ஒட்டாது, வெளிச்சம் தானாக மிஞ்சும். ஓரம் சொரசொரப்பாக வருவது அழகுதான், அதை ‘திருத்த’ வேண்டாம். ஒரே இடத்தில் இரண்டு தடவைக்கு மேல் தூரிகை போகக்கூடாது, மூன்றாவது தடவையில்தான் சேறாகிறது. இருட்டுக்குப் போதிய நிறத்தை முன்கூட்டியே கலந்து வையுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே நிறம் வராது, வானத்தில் ஒட்டுப் போட்டதுபோலத் தெரியும்.

ஜாம் போத்தல் விளக்கை வைத்து ஒரு படம் வரைந்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் ‘அந்தக் காலத்தை ஞாபகப்படுத்துது’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் சொல்ல வந்தது அதுவல்ல. குறியீடு பிழைத்துவிட்டதா?
— வாசகர், புதுக்குடியிருப்பு

பொருள் சரி. அதை அருங்காட்சியகத்தில் வைப்பதுபோல நடுவில் தனியே வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறோம். தனியே நிற்கும் விளக்கு ஞாபகத்தைத்தான் தரும். குறியீடு பொருளில் இல்லை. அந்த விளக்கு எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது என்பதில் இருக்கிறது.

விளக்கு என்றால் அறிவு, இருட்டு என்றால் துன்பம் என்று வாழ்த்து மடல்காரர்கள் வைத்திருக்கும் அகராதி வன்னிக்குப் பொருந்தாது. மண்ணெண்ணெய்த் தடை இருந்த ஆண்டுகளில் சொட்டுச் சொட்டாக விட்டு எரித்த அந்த விளக்குப் படிப்பதற்கு உதவியது உண்மை. ஆனால் அதே காலத்தில் வானத்தில் பரா லைற் (பரசூட்டில் தொங்கி இறங்கும் வெளிச்சக் குண்டு) மிதந்தால் முற்றத்து விளக்கை ஊதி அணைத்துவிட்டு இருட்டுக்குள் ஓடியவர்களும் இந்த மக்கள்தான். வெளிச்சம் ஆபத்து, இருட்டு மறைப்பு. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலில் கடல்நீரில் விளக்கெரிக்கும் வழமையை எடுத்தால் வெளிச்சம் அங்கே நேர்த்தியும் அதிசயமும். எல்லாம் ஒரே மாவட்டத்துக்குள் இருக்கிற வெளிச்சங்கள். எதை வரைகிறீர்கள் என்பதைப் பார்க்கிறவர் பூச்சிலேயே உணர வேண்டும்.

பூச்சில் எப்படி? சின்ன விளக்கின் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். ஓரடியில் இருக்கும் கொப்பிக்குக் கிடைப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான் மூன்றடியில் இருக்கும் முகத்துக்கு. அனேகமானவர்கள் அறை முழுவதும் மெல்லிய மஞ்சளைப் பரப்பி விளக்கைக் கொன்றுவிடுகிறார்கள். கொப்பி தெளிவு, விரல் தெளிவு, முகம் பாதி, சுவர் இல்லை என்று இறக்குங்கள். விளக்கு முகத்துக்குக் கீழே இருந்தால் நாடியின் அடியும் மூக்கின் அடியும் இமைக்குழியின் மேற்பகுதியும் வெளிச்சம் வாங்கும், மூக்கின் நிழல் மேலே போகும். திரி போத்தலுக்குள்ளேயே எரிவதால் கண்ணாடியின் அடிப்பகுதி பளிச்சென்றும் கழுத்துப் பக்கம் கரிபடிந்தும் இருக்கும். அந்தக் கரியைப் பேர்ண்ட் அம்பர் கிளேஸால் இரண்டு தடவை பூசுங்கள், கறுப்பு வேண்டாம். மெழுகுதிரி வெளிச்சத்தில் முகங்களைப் பிரித்துக் காட்டும் வித்தைக்கு 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் ஜோர்ஜ் டு லா தூரைப் பாருங்கள். சுடரைக் கையால் மறைத்து, விரலிடுக்கால் வரும் சிவப்பை மட்டும் விடுவார்.

பரா லைற் என்றால் எல்லாம் தலைகீழ். வெளிச்சம் மேலிருந்து, வெள்ளையாக, ஆடிக்கொண்டே இறங்கும். நிழல்கள் கூர்மையாக, லைற் இறங்க இறங்கப் பொருள்களை விட நீளமாக. மரத்துக்கு ஒரு திசையிலும் வேலிக்கு இன்னொரு திசையிலும் நிழலைக் கொஞ்சம் விலக்கி வைத்தால் அந்த ஆட்டம் படத்துக்குள் வந்துவிடும்.

ஒன்றைக் காட்டாமல் விடுவதும் குறியீடுதான். எட்வேர்ட் ஹொப்பர் 1942இல் வரைந்த இரவு உணவகப் படத்தில் கண்ணாடிக்குள்ளிருந்து வெளிச்சம் நடைபாதையில் கொட்டுகிறது, ஆனால் தெருவிலிருந்து உள்ளே போகக் கதவு எங்கும் தெரியாது. தனிமை என்று எங்கும் எழுதி வைக்காமலே அது தனிமையாகிறது. உங்கள் படத்தில் எதை எடுத்துவிடலாம் என்று யோசியுங்கள். விளக்கையே எடுத்துவிட்டு வெளிச்சம் விழுந்த கொப்பியை மட்டும் வைத்துப் பார்க்கலாம்.

கனவை வரைவது எப்படி? மிதக்கும் மீன், சிறகு முளைத்த வீடு எல்லாம் போட்டாகிவிட்டது. கனவு மாதிரி இல்லை, பிள்ளைகள் புத்தகம் மாதிரி இருக்கிறது.
— வாசகி, மல்லாவி

கனவில் பொருள்கள் விசித்திரமாக இருப்பதை விட, விதிகள் பிசகியிருப்பதுதான் அதிகம். பொருளைச் சாதாரணமாக விட்டு ஒரே ஒரு விதியை உடையுங்கள். பெல்ஜிய ஓவியர் ரெனே மக்ரித் 1949 முதல் பல தடவை வரைந்த ஒரு காட்சி: கீழே இரவு, வீட்டு முன்னால் ஒற்றைத் தெருவிளக்கு, மேலே பட்டப்பகல் வானம். வீடும் வீடுதான், மரமும் மரம்தான். நேரம் மட்டும் பிழை. தொழில்நுட்பமாகப் பார்த்தால், பகல் வானத்தையும் இருண்ட தெருவையும் பிரிக்கும் மரங்களின் கரிய உருவம்தான் அந்தப் பொய்யைத் தாங்குகிறது. நீங்கள் செய்வதானால் பனைவரிசை அந்த வேலையைச் செய்யும். முதலில் வானத்தை முழுதாக முடித்து, மேலே பனைகளை வைத்து, கீழ்ப்பாதியைக் கிளேஸால் இறக்குங்கள்.

வேறு வழிகளும் உண்டு. 1914இல் ஜோர்ஜோ டி கிரிகோ வரைந்த தெருவில் இரண்டு பக்கத்துக் கட்டிடங்களும் வெவ்வேறு மறைபுள்ளிக்கு (தூரத்தில் கோடுகள் சேரும் புள்ளி) ஓடுகின்றன, யாருடைய நிழல் என்று தெரியாத நிழலொன்று காத்து நிற்கிறது. கண் ஏதோ பிழை என்று உணரும், எது என்று உடனே சொல்லாது. விதியை ஒன்றாக வையுங்கள். மூன்றை உடைத்தால் மீனும் சிறகும் திரும்பி வந்துவிடும்.

ஓரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு படத்தில் முழுக்கூர்மையான ஓரம் இரண்டு மூன்று இடத்தில் இருந்தால் போதும். மற்றவற்றை, ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த மென்தூரிகையால் குறுக்கே ஒரு தடவை தடவிக் கரையுங்கள். முழுப்படத்தையும் கரைத்தால் அது கனவாக வராது, கண்ணாடி போடாதவர் பார்த்த தெருவாகத்தான் வரும்.

குளத்துக் கட்டில் இருந்து நிலவில் வரையலாமா? எந்த வெளிச்சத்தில் தட்டைப் பார்ப்பது?
— வாசகர், ஒட்டுசுட்டான்

யானை வரும் பக்கமென்றால் குளத்துக் கட்டில் தனியே இருக்கவே வேண்டாம், முதலில் அது.

நிலவில் நிறம் பார்க்க முடியாது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் எடுக்கும், ஃபோனை ஒரு தடவை பார்த்தால் அந்த அரைமணியும் போச்சு. பழகிய கண்ணில் வேலை செய்கிற கலங்கள் சிவப்பை அறியா, நீலப்பச்சைக்குத்தான் கூர்மை. அதனால்தான் பகலில் இலையை விடப் பளிச்சென்றிருந்த செவ்வரத்தம்பூ இரவில் இலையை விடக் கறுப்பாகிறது. நிலவுக் காட்சியில் சிவப்பை நேரடியாக வைக்காமல் இருட்டாகவே வையுங்கள்.

தட்டுக்கு டோர்ச் அடித்தால் காட்சி மறையும், அடிக்காவிட்டால் தட்டு மறையும். ஜேம்ஸ் விஸ்லர் 1870களில் லண்டன் தேம்ஸ் ஆற்றை இரவு இரவாகப் பார்த்து மனத்தில் ஏற்றி, மறுநாள் பணியறையில் தீட்டினார். அந்த முறையே நல்லது. கறுப்புப் பென்சிலும் சாம்பல்நிறக் கடதாசியும் கொண்டுபோய், எது மிக வெளிச்சம், எது இரண்டாவது, எது முற்றாக இல்லை என்று இலக்கமிட்டு வாருங்கள். வீட்டில் வரையும்போது மஞ்சள் பல்பின் கீழே நிறம் கலக்காதீர்கள். அதன் கீழ் மஞ்சள் வெளிறித் தெரியும், நீங்கள் கூட்டிக் கூட்டிப் போடுவீர்கள், விடிந்து பார்த்தால் மஞ்சள்காமாலை. பகல் ஒளி எல்.ஈ.டி, 5000 கெல்வின் அளவில், தட்டுக்கும் படத்துக்கும் ஒரே பல்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாரி முடிந்து பார்த்தால் இருண்ட படங்களில் சாம்பல் படலம். கன்வஸின் பின்பக்கம் பூஞ்சணம். இரண்டு படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியும் விட்டன.
— ஆசிரியர், மடு

மூன்றும் வேறு வேறு நோய்.

சாம்பல் படலம் வார்னிஷால் வந்திருக்கலாம். மட் வார்னிஷில் பளபளப்பைக் கெடுக்கச் சேர்த்த தூள் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். வெளிறிய படத்தில் அது தெரியாது, இருட்டுப் படத்தில் புகை போல நிற்கும். இருண்ட படங்களுக்கு சற்றின் (அரைப் பளபளப்பு) அல்லது குளோஸ் (முழுப் பளபளப்பு) எடுங்கள், ஒரே மெல்லிய பூச்சு. ஈரக்காற்றில் வார்னிஷ் பூசினாலும் பால்நிறம் ஏறும். மழைக்காலத்தில் பூச வேண்டாம், மாசி, பங்குனி வரை பொறுங்கள். எண்ணெய் வர்ணமானால் படம் முடிந்து ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பொறுக்க வேண்டும். வார்னிஷே போடாத எண்ணெய்ப் படத்தில் இருட்டு மட்டும் திட்டுத்திட்டாக வெளிறியிருந்தால் அடிப்பூச்சு எண்ணெயை உறிஞ்சிவிட்டது என்று அர்த்தம். நன்கு காய்ந்த படமென்றால், ஆளி எண்ணெயைச் சம அளவு டர்பன்டைனுடன் கலந்து பஞ்சில் தொட்டு மெல்லத் தடவி, உடனேயே துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள், இருட்டு திரும்பி வரும். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். ஆளி எண்ணெய் காயும்போது சூடாகும், குவிந்த துணி தானாகவே தீப்பிடிக்கக் கூடும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப்போடுங்கள். டர்பன்டைனுக்குப் பதில் மண்ணெண்ணெய் பாவிப்பவர்கள் உண்டு. அது மெதுவாகப் போகும், பிசுக்கை விட்டுவிட்டுப் போகும், பூச்சும் பலமிழக்கும்.

பூஞ்சணத்துக்குக் காரணம் அனேகமாகப் பசை. காடாத் துணியை மா காய்ச்சிய பசையில் ஒட்டினால் அது பூஞ்சணத்துக்குச் சோறு. வெள்ளைத் தச்சுப் பசையைத் தண்ணீரில் கரைத்துத் துணிக்குப் பூசிக் காயவைத்து, அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு மூன்று பூச்சு, முதல் பூச்சை மட்டும் கொஞ்சம் நீர்த்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 220 இலக்க மண்கடதாசியால் தேய்த்து எடுங்கள். ஜெஸ்ஸோ விலை கட்டாது என்றால் வெளிச்சுவருக்கான அக்ரிலிக் எமல்ஷன் பாவிக்கலாம், டிஸ்டெம்பர் வேண்டாம், அது மாவாக உதிரும். ஏற்கெனவே பிடித்த பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைத்தால் உள்ளே பரப்பிவிடுவீர்கள். காற்றோட்டமான நிழலில் முற்றாகக் காயவைத்து, முகத்துக்கு மாஸ்க் போட்டு, வெளியில் வைத்து மென்தூரிகையால் தட்டி எடுங்கள். ஸ்பிரிட் தொடவே கூடாது, அக்ரிலிக்கைக் கரைத்துவிடும். மாட்டும்போது சட்டத்தின் கீழ் மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள்.

ஒட்டிக்கொண்டது வெப்பத்தால். தகரக் கூரையின் கீழே அக்ரிலிக் இளகும், முகத்தோடு முகம் வைத்தால் ஒட்டத்தான் செய்யும். பிய்க்காதீர்கள். குளிரூட்டியில் அடங்கும் அளவென்றால் பொலித்தீனில் சுற்றி அரைமணி நேரம் வைத்தால் பூச்சு இறுகும், பிறகு மூலையிலிருந்து மெல்லப் பிரிக்கலாம். மடக்கி வளைக்க வேண்டாம், குளிர்ந்த அக்ரிலிக் வெடிக்கும். இனிமேல் இடையில் வழுவழுப்பான பொலித்தீன் தாள் வையுங்கள். குமிழ்த் தாளின் குமிழ்ப் பக்கம் படத்தைத் தொட்டால் வட்ட வட்டமாகத் தடம் விழும்.

இருட்டுப் படத்தை ஃபோனில் எடுத்தால் வெளிறிப் போகிறது. என் முகமும் தெரிகிறது.
— வாசகி, நெடுங்கேணி

ஃபோன் எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும், உங்கள் இருட்டைப் பிழை என்று நினைத்துத் திருத்துகிறது. நைட் மோட்டை நிறுத்துங்கள். திரையில் படத்தை அழுத்திப் பிடித்துப் பூட்டி, வெளிச்சத்தை ஒன்றளவு குறையுங்கள். காலை ஒன்பது, பத்து மணிக்கு விறாந்தை நிழலில், படத்தை வெளிச்சத்துக்குப் பக்கவாட்டாக நிறுத்துங்கள். பிளாஷ் வேண்டாம். முகம் தெரிவதற்கு மருந்து: ஒரு கறுப்புத் துணியை உங்களுக்கு முன்னால் பிடித்து, கமராவின் கண் மட்டும் தெரிய ஒரு ஓட்டை விடுங்கள்.